மை உலருமுன்!

31 புட்டிகள்! என் மேசைக்கு எதிரே, சுவரோடு பொருந்திய மரத்தட்டில், அணிவகுத்து நிற்கின்றன. நீலம், கருநீலம், கருமை, கரும்பச்சை, செம்மை, பழுப்பு, ஊதா! அத்தனையும் ஊற்றுப்பேனா மைகள். வீட்டிற்கு வருவோர் வியக்கின்றனர். "இவ்வளவும் உம்முடையனவா?" என்று கேட்கின்றனர். "ஆம்" என்கிறேன், குரலிலே சற்றுப் பெருமையும் கலந்துவிடுகிறது.

சென்ற திங்கள் ஒரு மாணவன் வந்தான். அவனும் கேட்டான், ஆனால் வேறொரு கேள்வி.

"ஐயா, இவற்றுள் எத்தனை மையால் எழுதியிருக்கிறீர்கள்?"

எண்ணிப் பார்த்தேன். எழுதியவை 7. திறந்து, ஒருமுறை தொட்டுப் பார்த்து, மூடி வைத்தவை 8. மூடியே திருகப்படாதவை 16. மாணவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நானும் உடன் சிரித்துத் தப்பியிருப்பேன். அவன் புட்டிகளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பேசாமல் போய்விட்டான். கேள்வி மட்டும் போகவில்லை. அதுதான் இந்தக் கட்டுரை.

மைப்புட்டியைப் பற்றியா ஒரு கட்டுரை? பேசுதற்கு வேறு பொருளே கிடைக்கவில்லையா? தோழர்கள் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். பொருள் சிறிதுதான், தோழர்களே! கேள்வி சிறிதன்று. ஒரு பொருள் என்னுடையது என்று எப்போது சொல்லலாம்? விலை கொடுத்தபோதா? தட்டில் வைத்தபோதா? அல்லது அதனைத் துய்த்தபோதா? அரண்மனையைப் பற்றிக் கேட்டாலும், பழத்தோட்டத்தைப் பற்றிக் கேட்டாலும், புத்தக அலமாரியைப் பற்றிக் கேட்டாலும், கேள்வி இதுவேதான். புட்டி சிறிதாக இருப்பதால் விடை தெளிவாகத் தெரியும், அவ்வளவே.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கணக்கு முகத்தாட்சண்யம் பாராது. ஒரு புட்டியிலே 50 மில்லி லிட்டர் மை. என் பேனாவின் மைக்குழாய் கொள்ளுவது ஏறத்தாழ 0.8 மில்லி லிட்டர். ஆக, ஒரு புட்டி 62 முறை நிரப்பும். வாரத்திற்கு ஒருமுறை நிரப்புகிறவன் நான். எனவே ஒரு புட்டி ஓராண்டிற்கு மேல் வரும். 31 புட்டிகள்? 1,922 வாரங்கள்! 37 ஆண்டுகள்! எனக்கு இப்போது வயது 58. இன்றிலிருந்து ஒரு துளியும் வாங்காமல், ஒரு வாரமும் ஓயாமல் எழுதினாலும், கடைசிப் புட்டி காலியாகும்போது எனக்கு வயது 95. இந்தக் கணக்கை எழுதி முடித்த அன்று மாலையே, புதிதாக வந்த மைகளின் விலைப்பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தேன்! இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சொல்லாவிட்டால் கட்டுரை பொய்யாகிவிடும்.

ஏன் இப்படி? பேராசை என்று ஒரே சொல்லில் தீர்ப்பளித்துவிடலாம். அந்தத் தீர்ப்பு எனக்கு நிறைவளிக்கவில்லை. பேராசைக்காரன் துய்க்கவாவது செய்வான். உண்பான், உடுப்பான், ஆடுவான். நான் துய்க்கவுமில்லையே! அப்படியானால் நான் வாங்கியது எதை? நெடுநேரம் எண்ணியபின் எனக்குப் புலப்பட்டது இது: அந்த மையைக் கொண்டு எழுதப்போகும் வேறொரு மனிதனை விலைக்கு வாங்க முயன்றிருக்கிறேன். கரும்பச்சை வாங்கியபோது, நாள்தோறும் குறிப்பேடு எழுதும் ஒழுங்குள்ள மனிதன் ஒருவன் என் மனக்கண்ணிலே தோன்றினான். பழுப்பு வாங்கியபோது, நண்பர்களுக்கு நீண்ட கடிதங்கள் தீட்டுபவன் தோன்றினான். புட்டி வந்தது, அந்த மனிதன் வரவில்லை. வராதவனுக்காகப் புட்டியை மூடியே வைத்தேன். திறந்தால், எழுதப்போகிறவன் பழைய நானே என்பது தெரிந்துவிடுமல்லவா!

வணிகன் இதனை நன்கு அறிவான். "இத்தனை புட்டிகளே செய்தோம், இனிச் செய்யமாட்டோம்" என்கிறான். நாம் ஓடுகிறோம். தேவை நம்மை ஓட்டவில்லை. கிடைக்காமற் போய்விடுமோ என்ற அச்சம் ஓட்டுகிறது. அச்சத்திலே வாங்கிய பொருள் கைக்கு வந்ததும் அச்சம் தீர்ந்துவிடுகிறது. அச்சம் தீர்ந்ததும் பொருளின் மீதிருந்த நாட்டமும் தீர்ந்துவிடுகிறது. அடுத்த அறிவிப்பு வரும்வரை ஓய்வு!

பிரெஞ்சு நாட்டுப் பேரறிஞன் திதெரோ, கலைக்களஞ்சியம் கண்டவன், 1769-ல் ஒரு சிறு கட்டுரை எழுதினான். தன் பழைய வீட்டு அங்கியைப் பிரிந்ததற்காக வருந்தி எழுதியது அது. அந்த அங்கியின் சிறப்பு என்ன தெரியுமா? பேனாவில் மை தடித்து ஓட மறுத்தால், அவன் அந்த அங்கியிலேயே துடைத்துக்கொள்வான். நீண்ட கருங்கோடுகள் அதன்மீது படிந்திருந்தன. இவன் எழுத்தாளன், உழைக்கும் மனிதன் என்று அந்தக் கோடுகள் ஊருக்கு உரைத்தனவாம். பிறகு செந்நிறத்தில் புதிய அங்கியொன்று வந்தது. வந்ததும், அறையிலிருந்த வைக்கோல் நாற்காலி அதற்கு ஒவ்வவில்லை. தோல் நாற்காலி வந்தது. பழைய மேசையும் ஒவ்வவில்லை, அதுவும் மாறிற்று. படங்கள் மாறின. அறை முழுதும் மாறிற்று. பழைய அங்கிக்கு ஆண்டானாக இருந்தவன், புதிய அங்கிக்கு அடிமையானதாக அவனே ஒப்புக்கொள்கிறான். மைக்கறை படிந்த அங்கி அவனுடையது. கறை படக்கூடாத அங்கிக்கோ அவன் உடைமை! என் தட்டிலே மூடி கிடக்கும் 16 புட்டிகளையும் அந்தச் செந்நிற அங்கியின் உறவினர் என்றே கருதுகிறேன்.

இதைக் கேட்டதும் துறவு பேசுவோர் மகிழ்வர். "பார்த்தீரா! ஆசையை அறுத்தெறிக, புட்டிகளை வீசியெறிக" என்பர். அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. நிறத்தை விரும்புவது குற்றமா? ஊதா நிறத்தின் கதையைக் கேளுங்கள். ஒரு காலத்தில், ஆயிரக்கணக்கான கடல் நத்தைகளைக் கொன்றுதான் சிறிதளவு ஊதாச் சாயம் எடுத்தார்கள். உரோமப் பேரரசரின் உடைக்குரிய நிறம் அது. ஏழையின் கண்ணுக்கு எட்டும், கைக்கு எட்டாது. 1856-ல், லண்டன் நகரில், 18 வயது இளைஞன் வில்லியம் ஹென்றி பெர்க்கின், காய்ச்சல் மருந்தாகிய கொயினாவைச் செயற்கையாக ஆக்க முயன்று தோற்றான். தோல்வியின் அடியிலே தங்கிய கசடு, ஊதா நிறத்தைக் கக்கிற்று. கரித்தாரிலிருந்து கிடைத்த சாயம்! அதன்பின் சாயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆய்வுக்கூடங்களிலிருந்து வந்தன. மன்னன் மார்பில் கிடந்த நிறம், மாணவன் மைப்புட்டிக்கு வந்தது. அறிவியல் ஈட்டித்தந்த இந்த இன்பத்தை வேண்டாமென்று சொல்வதற்கு நமக்கு என்ன வழக்கு?

கிரேக்கத்து எபிகூரஸ் இன்பமே வாழ்வின் நோக்கமென்றான். அதற்காக அவனைக் களியாட்டக்காரன் என்று தூற்றினார்கள். அவனோ ஏதென்சு நகருக்கு வெளியே தோட்டமொன்றில், நண்பர்களோடு, ரொட்டியும் நீருமாக எளிய வாழ்வு வாழ்ந்தவன். விருந்துண்ண விரும்பியபோது நண்பனிடம் அவன் கேட்டது ஒரு சிறு பானைப் பாலாடைக்கட்டி! ஆசைகளை அவன் பகுத்துப் பார்த்தான். இயற்கையானவை, தேவையானவை சில. இயற்கையாயினும் தேவையில்லாதவை சில. வெற்று எண்ணத்தால் பிறந்தவை சில. கடைசி வகைக்கு எல்லை இல்லை. பசி வயிறு நிறைந்தால் தீரும். "இன்னும் ஒன்று" என்னும் எண்ணம் எதனால் தீரும்? ஆகவே, இன்பத்தை விடு என்று நான் சொல்லவில்லை. இன்பத்தைத் தவறவிடாதே என்கிறேன். துறவி புட்டியை எறியச் சொல்கிறான்; வணிகன் இன்னொன்று வாங்கச் சொல்கிறான். இருவரும் சொல்ல மறந்தது ஒன்றுண்டு: மூடியைத் திருகு!

திருகினால் என்ன கிடைக்கும்? சென்ற திங்கள் முதல் நான் கண்டதைச் சொல்கிறேன். பழைய கருமை மை ஒரு துளியை ஒற்றுத்தாளில் இட்டு, அதன் ஓரத்தை நீரில் நனைத்தேன். நீர் ஏற ஏறக் கருமை பிரிந்தது. நீலம் ஒருபுறம், ஊதா ஒருபுறம், மஞ்சள் ஒருபுறம்! பத்தாண்டுகள் என்னிடமிருந்த ஒரு புட்டிக்குள் இத்தனை நிறங்கள் ஒளிந்திருந்தன. நானோ நிறம் தேடிக் கடைக்கு ஓடினேன்! அதே நீலத்தை மெல்லிய நிப்பில் நிரப்பினால் வானம். பட்டை நிப்பில் நிரப்பினால் கடல். உறிஞ்சும் தாளில் மங்கும். வழவழப்பான தாளில் எழுத்தின் முடிவிலே தேங்கி அடர்ந்து நிற்கும். புதுமை கடையில் மட்டுமா இருக்கிறது? கவனிக்கும் கண்ணிலும் இருக்கிறது.

பழங்காலத்து மையைப் பாருங்கள். மாசிக்காயை ஊறவைத்த நீரோடு அன்னபேதியைக் கலந்து, பிசின் சேர்த்து ஆக்குவது. எழுதும்போது வெளிறியிருக்கும், காற்று பட்டபின் தாளிலே கறுக்கும். அதாவது, அந்த மை தன் நிறத்தை அடைவதே எழுதப்பட்ட பிறகுதான். புட்டியிலேயே நெடுங்காலம் கிடந்தாலோ, உள்ளே புகுந்த அதே காற்று அதனைக் கசடாக்கி அடியில் படியவைத்துவிடும். தாளிலே அழகு தருவது, புட்டியிலே அழிவு தருகிறது! சாய மைகளும் சிரஞ்சீவிகள் அல்ல. நீர் ஆவியாகும், பூஞ்சை பிடிக்கும், வெயில் பட்டால் நிறம் வெளிறும். சேமிக்கிறோம் என்று நினைக்கிறோம். செலவாகிக்கொண்டே இருக்கிறது, நமக்குப் பயனின்றி.

"அஞ்சல்தலை சேர்ப்பவன் அதை ஒட்டி அனுப்பவா சேர்க்கிறான்? சேர்ப்பதே ஓர் இன்பமன்றோ?" என்று கேட்பார் உண்டு. நேர்மையான கேள்வி. அஞ்சல்தலை பார்ப்பதற்கென்றே வைக்கப்படுவது, வைத்தால் நிலைப்பது. சேர்த்ததை நாள்தோறும் எடுத்துப் பார்த்து மகிழ்பவன் துய்ப்பவனே. அவனோடு எனக்குச் சண்டையில்லை. நான் என் புட்டிகளைப் பார்க்கவுமில்லை என்பதே என் குற்றம்.

"எல்லோரும் வாங்குவதை நிறுத்தினால் மை செய்யும் தொழிலாளி என்ன ஆவான்?" இது இன்னும் கனமான கேள்வி. வங்கத்து சுலேகா மையின் வரலாறு இங்கே நினைவுக்கு வருகிறது. அன்னிய மைக்கு மாற்றாக, விடுதலைப் போராட்டக் காலத்தில், 1934-ல் தொடங்கப்பட்டது. நாடெங்கும் எழுதினார்கள், எழுத எழுதத் தீர்ந்தது, தீரத் தீர வாங்கினார்கள். அலுவலகமும் பள்ளியும் மையால் எழுதுவதை விட்ட காலத்தில் அந்த வாழ்வு மங்கிற்று. ஆலை இடையில் மூடப்பட்டது, பின்னர் திறந்தது, 2020-ல் ஊற்றுப்பேனா மையை மீண்டும் சந்தைக்கு அனுப்பிற்று. தொழிலுக்கு உறுதியான துணை, எழுதித் தீர்க்கும் கை. குவிப்பவன் ஒருநாள் சலித்து மொத்தமாக விலகிவிடுவான். எழுதுபவன் ஆண்டுக்கொரு புட்டி வாங்கினாலும் ஆயுள் முழுதும் வாங்குவான்.

இனி, சொல்லத் தயங்கிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த 16-ல் ஒன்று, 2011-ல் என் நண்பர் தந்தது. கருநீலம். தந்தபோது, "இதிலே எனக்கொரு கடிதம் எழுது" என்றார். சாதாரணக் கடிதத்திற்கா அந்த மை? நல்ல செய்தி வரட்டும், நல்ல நடை வாய்க்கட்டும் என்று காத்திருந்தேன். 2019-ல் அவர் மறைந்தார். மாணவன் வந்துபோன இரவு அந்தப் புட்டியைத் திறந்தேன். மூடி இறுகியிருந்தது. உள்ளே பாதிக்கும் குறைவாகவே இருந்தது. குழம்புபோல் தடித்துக் கிடந்தது. எட்டாண்டுகள் அவர் என் கடிதத்திற்காகக் காத்திருந்தார். நான் தகுந்த சொல்லுக்காகக் காத்திருந்தேன். அவர் கேட்டது கடிதம். தகுந்த சொல் அல்ல. அன்புக்குரிய மையை மதிப்பதாக எண்ணி, அன்பை அவமதித்திருக்கிறேன்.

ஊற்றுப்பேனாவில் அது ஓடாது. தொட்டெழுதும் பேனாவை எடுத்தேன். அவருடைய மகளுக்கு நான்கு பக்கங்கள் எழுதினேன். அவர் எப்படிச் சிரிப்பார், எதற்குச் சினப்பார், அந்தப் புட்டியை எப்படிக் கொண்டுவந்து தந்தார் என்பதையெல்லாம் எழுதினேன். நடை நன்றாக இல்லை. இரண்டிடத்தில் மை சிந்திற்று. மறுநாள் காலை அஞ்சலில் சேர்த்தேன்.

இப்போது ஒரு முறை வகுத்திருக்கிறேன். திங்களுக்கு ஒரு நிறம்; அந்தத் திங்கள் எழுதுவதெல்லாம் அந்நிறத்தில். எனக்கு மிஞ்சியவற்றைச் சிறு குப்பிகளில் ஊற்றி, எழுதும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுகிறேன். கேள்வி கேட்ட மாணவனுக்கு ஊதா கிடைத்தது. ஒரு புட்டி காலியானால்தான் இன்னொரு புட்டி.

உடைமையிலும் 'மை' இருக்கிறது. வெறுமையிலும் 'மை' இருக்கிறது. எழுதினால் இது அது ஆகாது. எழுதாவிட்டால் இரண்டும் ஒன்றே.

தோழர்களே! உங்கள் தட்டில் மைப்புட்டி இல்லாமலிருக்கலாம். வாங்கிவைத்துப் படிக்காத நூல் இருக்கிறதா? நல்ல நாளுக்கென்று மடித்துவைத்த ஆடை இருக்கிறதா? தகுந்த வேளை வரட்டுமென்று அடக்கிவைத்த அன்பு மொழி இருக்கிறதா? தகுந்த வேளை இதுவே. இன்றிரவு திறவுங்கள். நடை நன்றாக இல்லாவிட்டாலும் எழுதுங்கள். மை உலருமுன் எழுதுங்கள்!