தொன்மை ஒரு தகுதியா?

“எங்கள் குலம் நேற்று முளைத்த காளான் அல்ல, ஆயிரமாயிரம் ஆண்டுகளாய்த் தழைத்துவரும் ஆலமரம். நாங்கள் ஆண்ட பரம்பரை!”

இம்முழக்கம் எந்தச் சாதிக்குரியது என்று கேட்டால், தோழர்களே, விடை கூற இயலாது. எல்லாச் சாதியும் இதைத்தான் முழங்குகிறது. முகூர்த்த நாளொன்றில் ராஜபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூர் வரை சென்று பாருங்கள். பந்தல்தோறும் பதாகை, பதாகைதோறும் வாளேந்தி மீசை முறுக்கிய ஒரு மன்னன், அவன் காலடியில் மணமக்கள். எல்லோருமே ஆண்டார்களாம்! அங்ஙனமாயின் ஆளப்பட்டவன் எவன்? ஏர் பிடித்தவன் எவன்? கண்மாய் வெட்டியவன் எவன்? அந்தப் பரம்பரைக்கு மட்டும் வாரிசே இல்லாமற் போயிற்றா?

பதாகையோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். பள்ளியில் பாடம் சொல்லும் தொழிலில் இருக்கும் நாம், அதே முழக்கத்தைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் மணிக்கட்டில் வண்ணக் கயிறாகக் காண்கிறோம். 2023 ஆகஸ்டில், நமக்குத் தெற்கே நாங்குநேரியில், பட்டியல் சாதி மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும், உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினர். அதன் பின்னர் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில், சாதியைக் காட்டும் கயிறும் மோதிரமும் நெற்றிக்குறியும் பள்ளிக்குள் வரலாகாது என்று பரிந்துரைத்தது. நல்ல பரிந்துரை. கயிற்றை அறுத்துவிடலாம். ஆனால் கயிற்றைத் திரித்த கருத்து இருக்கிறதே, அதை எந்தக் கத்தரியால் அறுப்பது? ‘எங்கள் குலம் பழையது; ஆகவே உயர்ந்தது’ என்கிறான் பிள்ளை. அந்த ‘ஆகவே’ எங்கிருந்து வந்தது என்று அவனும் கேட்டதில்லை. அவன் தந்தையும் கேட்டதில்லை. நாம் கேட்போம்.

பழமைக்குத்தான் பட்டம் என்றால், அப்பட்டத்தைப் பெற மனிதனைவிடத் தகுதி வாய்ந்தோர் பலர் உளர். அவர்களுள் ஒருவர் ஆழ்கடலில் வாழும் ஒரு நத்தை.

அதன் ஓட்டின் விளிம்பில், சிறு அரத்தால் அறுத்ததுபோல் நீண்ட பிளவு ஒன்று இருக்கும். அதனால் பிளவு நத்தை என்று அழைப்போம். இப்படிப் பிளவு கொண்ட நத்தைகளின் பெருங்கூட்டம் ஏறத்தாழ 50 கோடி ஆண்டுக்கு முந்திய பாறைகளிலேயே தலைகாட்டுகிறது. இன்று எஞ்சியுள்ள குடும்பத்தின் ஓடுகளே 20 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட பாறைகளில் கிடைக்கின்றன. நெடுங்காலம் அறிஞர் உலகம் இதைப் பாறையில் மட்டுமே கண்டது. குலமே அழிந்தது என்று கணக்கை முடித்தும் வைத்திருந்தது. 1856-இல் ஃபிஷர், பெர்னார்டி என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர், மேற்கிந்தியத் தீவுக் கடலில் கிடைத்த ஓடு ஒன்றை விவரித்தபோதுதான், முடித்த கணக்கைத் திரும்பத் திறக்க நேர்ந்தது. பின்னர் ஜப்பான் கடலிலும் பிற கடல்களிலும் ஒன்றன்பின் ஒன்றாய்க் கிடைத்தன. இன்று முப்பதுக்கு மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. 1999-இல் பெயர் பெற்ற ஓரினம் இந்தியாவின் பெயரையே தாங்கி நிற்கிறது. பெரும்பாலும் நூறு மீட்டருக்குக் கீழே, பல நூறு மீட்டர் ஆழம் வரை, ஒளி குன்றிய பாறைச் சரிவுகளில் கடற்பஞ்சைத் தின்று ஊர்ந்து திரிகின்றன.

எங்கோ கடலடியில் கிடக்கும் பிராணிக்கும் நமக்கும் என்ன உறவு என்பீர்கள். உறவு நம் வீட்டுச் சுவர் வரை இருக்கிறது. ராஜபாளையத்தில் பதிவு அலுவலகம் கொண்ட ராம்கோ சிமெண்ட் நிறுவனத்துக்கு அரியலூரில் ஓர் ஆலை உண்டு. அந்த அரியலூர், 10 கோடி ஆண்டு முதல் ஏழு கோடி ஆண்டு வரையிலான காலத்தில் பெரும்பாலும் ஆழமில்லாக் கடல். அங்கு வெட்டப்படும் சுண்ணாம்புக்கல், அக்கடலில் வாழ்ந்து மடிந்த சிப்பி முதலிய உயிர்களின் ஓடு. 1840களில் கே, கன்லிஃப் என்னும் கும்பெனி அதிகாரிகள் திருச்சி, புதுச்சேரி, விருத்தாசலம் பகுதிகளில் இக்கற்படிமங்களைத் திரட்டினர். எட்வர்ட் ஃபோர்பஸ் 1846-இல் அவற்றை ஆராய்ந்து எழுதினார். பின்னர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ஸ்டோலிச்கா, தென்னிந்திய நத்தைப் படிமங்களுக்கென்றே 1868-இல் ஒரு தொகுதி வெளியிட்டார். பிளவு நத்தையின் உறவினரும் அதில் உளர். ஆக, அரியலூர்ச் சிமெண்டில் எழுந்த மாளிகையும் சரி, தொகுப்பு வீடும் சரி, பழங்குலத்தார் எலும்பைக் குழைத்துக் கட்டியதே. அங்கே உள்ளூர்ப் பிள்ளைகளும் பொறுக்கும் சுருள் வடிவ அம்மோனைட்டுப் படிமத்தின் இனத்தார், நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைத்தால் சாளக்கிராமம் ஆகிவிடுகின்றனர்! அரியலூரில் கிடைத்தால் சுண்ணாம்பு, கண்டகியில் கிடைத்தால் திருமால். திருவில்லிபுத்தூர் வைணவப் பெரியோர் இதற்கு என்ன விளக்கம் தருவார்களோ! அது நிற்க.

இந்த நத்தை, ‘நான் 50 கோடி ஆண்டுக் குலத்தான், வயலில் ஊரும் நத்தையே, எட்டி நில்’ என்று சொன்னால் வயல் நத்தை என்ன விடை சொல்லும்? ‘அண்ணா, உமக்கு ஒரு தாய் இருந்தாள், அவளுக்கொரு தாய். எனக்கும் அப்படியே. எந்தத் தலைமுறையில் என் தாய்வழி அறுந்தது, சொல்லும்?’ என்று கேட்கும். நியாயமான கேள்வி. தாயில்லாது வானத்திலிருந்து விழுந்த உயிர் எதுவுமில்லை. காக்கையும் கழுதையும், கூரையில் ஓடும் பல்லியும், கோட்டையில் வாழ்ந்த மன்னனும், உயிர் முதலில் தோன்றிய நாளிலிருந்து ஒரு தலைமுறையும் விடாமல் தொடர்ந்து வந்தவைதாம். எல்லாவற்றுக்கும் வயது ஒன்றே. அது 350 கோடி ஆண்டுக்குக் குறையாது. மனித இனத்தை மட்டும் எடுத்தாலும் ஏறத்தாழ மூன்று இலட்சம் ஆண்டு, தொட்டில் ஆப்பிரிக்கா. மன்னன் பரம்பரைக்கு எத்தனை பாட்டன்மாரோ, மலக்குழியில் இறக்கப்படுகிறவன் பரம்பரைக்கும் அத்தனை பாட்டன்மார். ஒருவர் குறிப்பெழுதி வைத்தார். மற்றவரைக் குறிப்பெழுத விடவில்லை. வேறுபாடு வயதிலன்று, ஏட்டில்.

அங்ஙனமாயின் அந்த நத்தையை மட்டும் ஏன் ‘தொல்குலம்’ என்கிறார்கள்? பழைய அமைப்பைப் பெரிதும் வைத்திருக்கிறது என்பதால். வைத்திருப்பது எத்தகைய அமைப்பு? இங்கேதான் நாம் சற்று நின்று பார்க்க வேண்டும்.

நத்தையின் உடல் வளர்ச்சியில் ஒரு முறுக்கம் நேர்கிறது. அதனால் மலவாய் பின்புறத்திலிருந்து தலைக்கு மேலாக வந்து நின்றுவிடுகிறது. மூச்சு விடும் செவுள்களும் அங்கேயே. வீட்டில் அடுப்பங்கரையும் சாக்கடையும் ஓரிடத்தில் அமைந்தால் என்ன இடர்ப்பாடு உண்டோ அதே இடர்ப்பாடு. பழைய நத்தை கண்ட தீர்வு அந்தப் பிளவு. இருபுறத்திலிருந்தும் நல்ல நீர் இரு செவுள்களை நனைத்து வந்து, கழிவோடு சேர்ந்து பிளவின் வழியே தலையைத் தாண்டி வெளியேறும். கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் வாயிலிருந்து பிளந்த ஓடு வலுக்குறைந்த ஓடு. பிற்கால நத்தைகள் பல வேறு வழி கண்டன. இரு செவுள்களில் ஒன்றை விட்டொழித்தன; ஒரு பக்கம் நீர் புகுந்து மறு பக்கம் வெளியேறுமாறு வீட்டையே திருத்திக்கொண்டன; பிளவு வேண்டாததாயிற்று. அவ்வாறு திருத்திக்கொண்ட குலங்கள் கடலெங்கும் பரவின, ஆற்றில் ஏறின, நிலத்துக்கும் வந்தன. ஒருகாலத்தில் அரியலூர்க் கடல் போன்ற ஆழமில்லா நீரில் செழித்திருந்த பிளவு நத்தையோ, இன்று ஆழத்துக்கு ஒதுங்கிவிட்டது.

‘உயிருள்ள புதைபடிவம்’ என்னும் சொல்லை 1859-இல் ஆண்ட டார்வின், பிளாட்டிபஸ் போன்ற பழம்பிராணிகளைப் பற்றிச் சொன்ன காரணமும் இத்தகையதே. ஒடுங்கிய இடத்தில், போட்டி குறைந்த சூழலில் வாழ்ந்தமையால் அவை தப்பின என்றார். வென்றதால் நிலைத்தன என்று அவர் சொல்லவில்லை. நத்தை மீது நமக்கு வருத்தமில்லை. தன் செவுளைத் தானே எண்ணித் திருத்திக்கொள்ளும் ஆற்றல் அதற்கில்லை, மனிதனுக்கு உண்டு. 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களைத் துறக்கத் தீர்மானித்ததும் எத்தனையோ பேர் தம் பெயரின் வாலை அன்றே அறுத்தெறிந்தனர். ஒருவருக்கும் மூச்சு நின்றுவிடவில்லை.

‘பழமையை விடுங்கள், கலப்பில்லாத் தூய்மை எங்களுடையது’ என்று வேறு பக்கம் திரும்புவாரும் உளர். அவர்களை ராஜபாளையத்துக்கு அழைக்கிறோம். ஊரின் பெயரைத் தாங்கிய வேட்டைநாய், 2005-இல் அஞ்சல் தலையிலும் இடம் பெற்றது. பால்போல் வெண்மை, இளஞ்சிவப்பு மூக்கு. இவைதாம் தூய குலத்தின் அடையாளம் என்றனர். வண்ணக் குட்டி பிறந்தால் கழித்துவிட்டனர். வெள்ளையோடு வெள்ளையைச் சேர்த்துச் சேர்த்துத் தூய்மை காத்ததன் பயன் என்ன? அவ்வினத்தில் செவிட்டுக் குட்டிகள் மிகுந்தன. அழகிய நாய், காவலுக்கு வைத்த நாய், கள்வன் காலடி கேட்காத நாய்! மனிதருள்ளும், சொத்தும் சொந்தமும் வெளியே போகலாகாது என்று மாமனுக்கே மருமகளைக் கட்டிவைக்கும் குடும்பங்களில் பிறவிக் குறைகள் கூடுதல் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். தூய்மைக் காவலர் காதில் அது விழுகிறதா?

மேற்கே தெரியும் மலையிலும் ஒரு தொல்குலம் உண்டு. 2021-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர்–மேகமலைக் காட்டுப் பகுதியில் கண்டறியப்பட்டு, 2017-இல் விவரிக்கப்பட்ட ஊதாத் தவளையினம் அது. அதன் நெருங்கிய உறவினர் வாழ்வது இந்தியப் பெருங்கடல் கடந்து செஷல்ஸ் தீவுகளில். இரு கிளையும் பிரிந்து ஏறத்தாழ 10 கோடி ஆண்டு. ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்குள் புதைந்து கறையான் தின்று கிடக்கும். மழைக்காலத்தில் சில நாள் மட்டும் வெளிவந்து ஓடையில் முட்டையிடும். அதன் பெயர்தான் நம் கருத்தைக் கவர்ந்தது. பூபதி என்னும் ஊர்வன ஆய்வாளர் 2014-இல் அகத்தியமலைக் காட்டில் ஆய்வுப் பணியின்போது உயிர் நீத்தார். தவளைக்கு அவர் பெயரைச் சூட்டினர். எந்தக் குலத்தார் என்று விசாரித்தா சூட்டினர்? செய்த பணியை எண்ணிச் சூட்டினர். பத்துக் கோடி ஆண்டுக் குலத்துக்குப் பெயர் கொடுத்தது ஒரு மனிதனின் உழைப்பு.

இனி, நம் வீட்டுக்குள்ளும் விளக்கை ஏந்த வேண்டும். மண்ணும் மலையும் உருவாகுமுன்பே தமிழன் இருந்தான் என்று மேடை அதிர முழங்கும் தோழர்கள் நம்மிடமும் உளர். கைதட்டல் கிடைக்கும். ஆனால் பதாகை மன்னனைப் பார்த்துச் சிரித்துவிட்டு இதற்குக் கைதட்டுவது எந்த நியாயம்? தமிழ் பழைமையானது என்பதாலா நாம் தமிழுக்காக நிற்கிறோம்? ஒருவேளை அது முந்நூறு ஆண்டு மொழியாக இருந்திருந்தால், நம் தாய் பேசிய மொழியை விட்டுக்கொடுத்திருப்போமா?

‘ஒடுக்கப்பட்டவனும் தொன்மை பேசினானே’ என்று ஒரு தோழர் நம்மிடம் வாதிட்டார். ஆம். 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், தம் மக்களைப் பூர்வ பௌத்தர் என்றும், இம்மண்ணின் ஆதிக் குடிகள் என்றும் எழுதினார். ‘நீ பிறப்பிலேயே இழிந்தவன்’ என்று கூறியவனுக்கு அது மறுப்பு. பள்ளத்தில் தள்ளப்பட்டவன் ஏறிவரப் பற்றிய கொம்பு அது. அக்கொம்பையும், மேட்டில் நிற்பவன் பிறர் தலையில் இறக்கும் தடியையும் ஒரே மரம் என்பதற்காக ஒன்றாக எண்ணலாகாது. எனினும், மேலேறிய பின்னும் கொம்பைக் கீழே போடாதவன் அடுத்தவனை அடிக்கவே பயன்படுத்துவான் என்பதற்கு இப்பகுதியிலேயே சான்று வேண்டிய அளவு உண்டு. பெயர் சொல்லத் தேவையில்லை.

கீழடியைப் பற்றி 2019-இல் தொல்லியல் துறை அறிக்கை வெளியிட்டதும், கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்னும் எண்ணை மட்டும் நம்மவர் பிடித்துக்கொண்டனர். நமக்கு அங்கே பெருமையாய்ப் பட்டது எண்ணன்று. உடைந்த பானை ஓடுகள். அரசன் வெட்டிய கல்வெட்டல்ல, புழங்கிய பானையின் கழுத்தில் கீறிய எழுத்து. ஆதன் என்கிறது ஓர் ஓடு. குவிரன் என்கிறது இன்னோர் ஓடு. எந்தக் குலம், எத்தனை தலைமுறை, ஆண்டவனா ஆளப்பட்டவனா என்றெல்லாம் அவை சொல்லவில்லை. பானை யாருடையது என்று தெரிய அந்தப் பெயரே போதுமாயிருந்தது.