குச்சியில் வந்த உயிர்

பிளாக் ஜேட், முழங்கால் உயரத்துக் குட்டி ரோஜா. மொட்டு கிட்டத்தட்டக் கறுப்பு, விரிந்தால் கருஞ்சிவப்பு. வாசனை என்று சொல்ல ஒன்றுமில்லை. என் மாமியார் இருந்திருந்தால் பூஜைக்கு எடுத்திருக்க மாட்டார். நான் வசிக்கும் இந்த நியூ ஜெர்சியில் ஃபிராங்க் பெனார்டெல்லா உருவாக்கி, 1985-ல் வெளிவந்த ரகம்.

ஒரு விதை, ஒரு முறை முளைத்தது. இன்று உலகில் இருக்கும் பிளாக் ஜேட் எல்லாம் அந்த ஒற்றைச் செடியின் குச்சியை நட்டோ ஒட்டுக்கட்டியோ பெருக்கியவை. விதை போட்டால் வேறு ஏதாவது ரோஜாதான் வரும். அப்படியானால் என் தொட்டியில் நிற்பது யார்? அமெரிக்காவின் 1930-ஆம் ஆண்டுச் செடிக் காப்புரிமைச் சட்டம், விதையில்லாமல் பெருக்கப்படும் ரகங்களுக்கே உரிமை தந்தது. குச்சியில் வந்தது அதே செடி என்பதுதான் சட்டத்தின் எண்ணம்.

வேதாந்த வகுப்புக்குப் போகும் பக்கத்து வீட்டு மாமியும் சட்டத்தின் பக்கம்தான். "உயிர் ஒண்ணுதான்டீ, தொட்டிதான் பல."

சைவ சித்தாந்தம் படித்த எனக்கு அவ்வளவு சுலபமில்லை. உயிர்கள் எண்ணற்றவை, அநாதியானவை; ஒன்று பிளந்து இரண்டாவதில்லை. அப்போது மணலில் இலையில்லாமல் நின்ற குச்சியில் இருந்தது எது? வேர் பிடித்த பிறகுதான் வேறோர் உயிர் தன் வினைக்கேற்ற உடம்பென்று வந்து சேர்ந்ததா? சமணர்கள் இந்த இடத்தில் எங்களைவிடக் கூர்மை. ஓருடம்பில் ஓருயிர் உள்ள தாவரம், எண்ணற்ற உயிர்கள் ஒன்றாகக் குடியிருக்கும் தாவரம் என்று இரண்டாகவே பிரித்தார்கள். கிழங்கை விலக்கியதற்கு அது ஒரு காரணம்.

மாமியின் விடை எனக்கு ஒப்பவில்லை. ஒரே கிளையில் வெட்டிய இரண்டு குச்சிகளை ஒரே தொட்டியில் நட்டேன். ஒன்று அடி கறுத்து அழுகியது, மற்றது துளிர்த்தது. மரபணு முழுக்க ஒன்று. ஆனாலும் அதன் சாவில் இதற்குப் பங்கில்லை. ஒருவர் சாக எல்லோரும் சாவதில்லையே என்றுதான் சாங்கியரும் உயிர் பல என்று வாதிட்டார்கள்.

மாமியிடம் சொன்னேன். "வெட்டறதுக்கு முன்னாடி அது ரெண்டாவா இருந்தது?" என்றார்.

கத்தரிக்கோல் வெட்டியது உடம்பை, உயிரை அல்ல என்றேன். "அப்போ ரெண்டாவது எங்கேர்ந்து வந்தது?" அதற்கு என்னிடம் விடையில்லை. வந்தது வேறொன்று என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.