நிடதத்தில் மூன்று இரவுகள்

சூதில் நாட்டை இழந்த நளன் உடனே காட்டுக்குப் போய்விடவில்லை. ஒற்றை ஆடையோடு, தமயந்தியும் கூட வர, நகரத்துக்கு வெளியே மூன்று இரவுகள் தங்கினான். தண்ணீர்தான் ஆகாரம். நளனுக்கு உதவுகிறவனுக்கு மரணம் என்று புட்கரன் பறையறைந்திருந்தான். நிடதத்தில் ஒருவரும் வரவில்லை. மகாபாரதத்தின் வனபர்வம் இதைச் சில வரிகளில் சொல்லிவிட்டு, பறவைகள் அவன் ஆடையைத் தூக்கிச் சென்ற இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது.

நம் வாசிப்பும் அங்கே நிற்பதில்லை. நளன் கதையில் நாம் கேட்பது ‘யார் குற்றம்?’ என்ற ஒரே கேள்விதான். விடையும் தயாராக இருக்கிறது. கலி காத்திருந்து, 12ஆம் ஆண்டில், கால் கழுவாமல் நளன் சந்தி செய்த ஒரு நாளில் அவனுக்குள் புகுந்தான். நளவெண்பாவில் காண்டங்களுக்கே கலிதொடர் காண்டம், கலிநீங்கு காண்டம் என்று பெயர். பிறகு தமிழ் ஜனங்களின் வாய்வழக்கில் கலியின் இடத்தில் சனி வந்து உட்கார்ந்தான். திருநள்ளாற்றில் நளதீர்த்தம் இருக்கிறது. பெயர் மாறினாலும் காரியம் ஒன்றே. குற்றத்தை மனிதனுக்கு வெளியே கொண்டுபோய் வைப்பது.

இதைப் பரிகசிப்பது சுலபம். ஆனால் இதில் ஒரு தார்மீகப் பயனும் உண்டு. நாட்டை மீட்ட நளன், நடந்தது கலியின் வேலை, அதைத் தம்பியின் தலையில் கட்டமாட்டேன் என்று புட்கரனை மன்னித்து, அவனுடைய பங்கைக் கொடுத்து அனுப்புகிறான். கலி என்ற கற்பனை இல்லாவிட்டால் அங்கே ஒரு கொலை விழுந்திருக்கும்.

ஊர் விஷயம் வேறு. கலி நளனுக்குள் புகுந்தான், துவாபரன் சூதாட்டக் காய்களுக்குள் புகுந்தான். ஜனங்களுக்குள் யாரும் புகவில்லை. அவர்கள் நல்லவர்கள்தாம். ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி மந்திரிகளோடு அரண்மனை வாசலுக்கு வந்தவர்கள். நளன் முகம் கொடுக்காததால் வெட்கித் திரும்பியவர்கள். அவன் மீண்டபோது மயிர்க்கூச்செறிய மகிழ்ந்தவர்கள். இடையிலிருந்த மூன்று இரவுகளில் பயந்தார்கள், அவ்வளவுதான். ஒரு வாய்க் கஞ்சி கொடுத்துவிட்டுச் செத்துப்போ என்று யாரையும் நாம் சொல்ல முடியாது. ஒன்றும் நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. குற்றம் என்ற சொல்லுக்குள் அடங்காத ஒரு கடன் அங்கே நின்றுபோகிறது. கலியை வைத்து அதைத் தீர்க்க வழியில்லை.

சனியை வைத்தே இந்தக் கடனைப் பற்றி யோசித்த கதை ஒன்று கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கிறது. சுரபி நதிக்கரையில், சனி சுயம்புவாக வழிபடப்படும் குச்சனூரின் தலக்கதை. தினகரன் என்ற அரசனைச் சனி பிடிக்கிறான். வளர்ப்பு மகன் சந்திரவதனன் இரும்பில் சனியின் உருவம் செய்து வணங்கி, அந்தத் துன்பத்தைத் தனக்குத் தரும்படி கேட்கிறான். முற்பிறவிக் கணக்கு இது என்கிறான் சனி. பையன் கணக்கை மறுக்கவில்லை. அநாதையாக வந்த தன்னை எடுத்து வளர்த்தவர் அவர், அவர் பாரம் என்னிடம் வரட்டும் என்கிறான். சனி இணங்கி ஏழரை நாழிகை அவனைப் பிடிக்கிறான்.

கைமாற்றிக் கொடுக்க முடியுமென்றால் கர்மம் என்ற கணக்கே ஆட்டங்கண்டுவிடுகிறது. கதை அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. ‘யார் குற்றம்?’ என்பதைத் தள்ளிவைத்துவிட்டு ‘யார் பங்கு?’ என்று கேட்கிறது. கேட்பவனுக்கு அரசனோடு ரத்த பந்தமில்லை, உண்ட சோற்றின் பந்தம் மட்டும். நிடதத்து ஜனங்களுக்கு நளனோடு இருந்ததும் அதே பந்தம்.

ஆடிச் சனிக்கிழமைகளில் குச்சனூரில் எள் விளக்கு ஏற்றுகிறவர்கள், பெரும்பாலும் தம் சனி தம்மை விட்டுப் போகவே வேண்டுகிறார்கள் என்று ஆட்சேபிக்கலாம். இருக்கட்டும். பிள்ளையின் ஜாதகத்தோடு வந்து நிற்கும் தாய் மனசுக்குள் என்ன கேட்கிறாள் என்று நாம் அறுதியிட முடியாது.

நளன் கதையைப் பிருகதசுவர் சொன்னது, அதேபோல் சூதில் நாடிழந்து காட்டிலிருந்த தருமனுக்கு. ஆறுதலாக அவர் சுட்டுவது ஒரு வித்தியாசத்தை: நளன் தனியாகத் திரிந்தான், உன்னோடு தம்பிகள் இருக்கிறார்கள். துன்பத்தை அளக்கும் இடத்தில் பாரதமும் கலியை எண்ணவில்லை, கூட நிற்கிறவர்களைத்தான் எண்ணுகிறது. அப்படி எண்ணினால், மூன்று இரவுகளும் நிடதத்தின் கணக்கில் எழுதப்பட வேண்டியவை.