இரு மனதோடு கேட்பது

2008 செப்டம்பர் 12, வெள்ளிக்கிழமை. அமெரிக்க மெட்டல் இசைக்குழுவான மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னெடிக்’ ஆல்பம் கடைகளுக்கு வந்தது. அமெரிக்காவில் மட்டும் மூன்றே நாட்களில் 4,90,000 பிரதிகள் விற்று பில்போர்ட் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அடுத்தடுத்து ஐந்து ஸ்டுடியோ ஆல்பங்கள் இப்படி நேராக முதலிடத்தில் நுழைந்தது, அதுவரை எந்த இசைக்குழுவுக்கும் வாய்க்காத பெருமை. அந்த நாட்களிலேயே இன்னொன்றும் நடந்தது. ஆல்பத்தை முதல் நாளே வாங்கி, ஹெட்போனை மாட்டி வரிக்கு வரி கேட்ட தீவிர ரசிகர்கள் ஒரு மனுவில் கையெழுத்துப் போடத் தொடங்கினார்கள். ஒலியை மறுபடி கலந்து, ஆல்பத்தைத் திரும்ப வெளியிடுங்கள் என்பது கோரிக்கை. கையெழுத்துகள் பத்தாயிரத்தைத் தாண்டின.

காத்திருந்து கிடைத்த ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் மகிழ்ச்சியும் மனக்குறையும் படுகிற அந்த நிலையை நான் பல வருடங்களாக யோசித்துவருகிறேன். நன்றி கெட்டவர்கள் என்று அந்த ரசிகர்களைச் சொன்னவர்கள் உண்டு. எனக்கு அவர்கள்தான் அந்த ஆல்பத்தை உண்மையாகக் கேட்டவர்களாகத் தெரிகிறார்கள்.

அவர்கள் எதற்காகக் காத்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்ல வேண்டும். 1981இல் லாஸ் ஏஞ்சலிஸில் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டும் டிரம் கலைஞர் லார்ஸ் உல்ரிக்கும் தொடங்கிய இந்தக் குழு 1983க்கும் 1988க்கும் இடையில் நான்கு ஆல்பங்கள் தந்தது. வேகம், எட்டு நிமிடங்களுக்கு நீளும் பாடல்கள், ஒரே பாடலுக்குள் மாறிக்கொண்டே போகும் தாளங்கள் என்று மெட்டல் இசையின் இலக்கணத்தையே அவை திருத்தி எழுதின. மூன்றாவது ஆல்பமான ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ வெளியான 1986ஆம் ஆண்டிலேயே, செப்டம்பர் 27 அன்று, ஸ்வீடனில் குழுவின் பேருந்து கவிழ்ந்து பாஸ் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் இறந்துபோனார். வயது 24. 1991இல் வந்த கறுப்பு அட்டை ஆல்பம் அவர்களை உலகத்தின் மிகப் பெரிய குழுக்களில் ஒன்றாக்கியது. அதோடு பாடல்கள் சுருங்கின, வேகம் தணிந்தது. 1996இல் முடியை வெட்டிக்கொண்டு வேறு விதமான ராக் வாசித்தார்கள். 2000இல், இணையத்தில் பாடல்களை இலவசமாகப் பகிர வழிசெய்த நாப்ஸ்டர் சேவை மீது வழக்குப் போட்டு, பாடல்களைப் பகிர்ந்துகொண்ட சொந்த ரசிகர்களோடேயே மோதினார்கள். 2001இல் பாஸ் கலைஞர் ஜேசன் நியூஸ்டெட் விலகினார். ஹெட்ஃபீல்ட் குடிப்பழக்கத்திலிருந்து மீள சிகிச்சைக்குப் போனார். 2003இல் வந்த ‘செயின்ட் ஆங்கர்’ ஆல்பத்தில் கிட்டார் தனி வாசிப்பு ஒன்றுகூட இல்லை. ஸ்நேர் டிரம் தகர டப்பாவைத் தட்டுவது போல ஒலித்தது.

கறுப்பு ஆல்பத்துக்கு முந்தைய மெட்டாலிகாவுக்காக ஏங்கியவர்களுக்கு இருபது வருடக் காத்திருப்பு அது. இந்தச் சூழலில் தயாரிப்பாளர் ரிக் ரூபின் வந்தார். எண்பதுகளில் உங்களை இயக்கிய பசியை நினைத்துப் பாருங்கள், பழைய உங்களைத் தொடுவதற்குக் கூச்சப்படாதீர்கள் என்பதுதான் அவர் குழுவுக்குச் சொன்னதன் சாரம். 2006இல் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ ஆல்பத்தின் இருபதாம் ஆண்டுக்காக அதை முதலிலிருந்து கடைசி வரை மேடைகளில் வாசித்தார்கள். புதிய ஆல்பம் வந்தபோது ரசிகர்கள் ஏங்கியதெல்லாம் அதில் இருந்தது. எழுபத்து நான்கு நிமிடங்களுக்குமேல் ஓடும் பத்துப் பாடல்கள். கிட்டார் கலைஞர் கர்க் ஹாமெட்டின் வாசிப்பு திரும்பவும் அவிழ்த்துவிடப்பட்டிருந்தது. 1988க்குப் பிறகு முதல் முறையாக, பாட்டு வரிகளே இல்லாத நெடிய வாத்திய இசை ஒன்றும் இருந்தது.

முதல் பாடலைக் கேட்டுப் பாருங்கள். ஓர் இதயத் துடிப்பின் ஒலி. அதன் மேல் சன்னமாக ஒரு கிட்டார், தயங்கித் தயங்கி ஒவ்வொரு சுரமாக இறங்குகிறது. உடம்பு முன்னால் சாய்கிறது. இதோ வரப்போகிறது என்று தெரிகிறது. டிரம்ஸும் கனத்த கிட்டாரும் சேர்ந்து விழுகின்றன. அந்தக் கணத்தில் கிடைக்க வேண்டிய அதிர்வு கிடைப்பதில்லை. உதைக்கும் ஒவ்வொரு டிரம் அடியின் உச்சியிலும் ஒரு கரகரப்பு ஒட்டியிருக்கிறது. ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதோ என்று தோன்றும். சத்தத்தைக் குறைத்தாலும் அது போவதில்லை, ஏனென்றால் கோளாறு வீட்டு ஸ்பீக்கரில் இல்லை. அது வட்டிலேயே பதிந்திருக்கிறது.

இது எப்படி நேர்கிறது? சிடியில் ஒலி நொடிக்கு 44,100 எண்களாகப் பதிகிறது. அந்த எண்களுக்கு ஒரு மேல் எல்லை உண்டு. அதற்கு மேல் எந்த ஒலியும் ஏற முடியாது. ஒரு பாடலின் உச்சங்கள் அந்த எல்லையைத் தொடும்போது மற்ற இடங்கள் இயல்பாகத் தாழ்வாக இருக்கும். மொத்தப் பாடலும் இன்னும் உரக்கக் கேட்க வேண்டுமென்றால், உச்சங்களை அமுக்கி, தாழ்வான இடங்களைத் தூக்கிவிட வேண்டும். அதையும் மீறித் தூக்கினால் உச்சங்கள் எல்லையில் மோதித் தட்டையாக நறுக்கப்படும். அந்த நறுக்கல்தான் காதில் கரகரப்பாக விழுகிறது. ஒரே பாடலை இரண்டு அளவில் ஒலிக்கவிட்டால், சற்று உரக்க ஒலிப்பதைத்தான் நம் காது முதலில் ‘நன்றாயிருக்கிறது’ என்று எடுத்துக்கொள்ளும். அந்தப் பலவீனத்தை நம்பி, தொண்ணூறுகளிலிருந்து ஒவ்வொரு ஆல்பமும் முந்தையதைவிட உரக்க வெளிவந்தது. அந்தப் போட்டியின் உச்சத்தில் நின்றது ‘டெத் மேக்னெடிக்’.

ரசிகர்கள் இந்த நறுக்கலைக் கண்டுபிடித்தது ஒரு வீடியோ கேம் மூலம். ஆல்பத்தின் பாடல்கள் ‘கிட்டார் ஹீரோ’ என்ற விளையாட்டுக்கும் அதே சமயத்தில் வந்தன. பிளாஸ்டிக் கிட்டாரைக் கையில் பிடித்து, திரையில் வரும் வண்ணங்களுக்கு ஏற்ப பொத்தான்களை அழுத்தும் விளையாட்டு அது. ஆடுபவர் தவறவிட்டால் கிட்டார் ஒலி மட்டும் நின்றுபோக வேண்டும். அதற்காக ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனிப் பதிவாக விளையாட்டை உருவாக்கியவர்களுக்குப் போயிருந்தது. கடைசிக் கட்ட அமுக்கலுக்கு முந்தைய பதிவுகள் அவை. விளையாட்டில் கேட்ட பாடலில் டிரம் டிரம்மாக ஒலித்தது. கிட்டாருக்கும் குரலுக்கும் நடுவே இடம் இருந்தது. சிலர் இரண்டு பதிவுகளையும் கணினித் திரையில் அலைவடிவமாக அருகருகே வைத்துப் பார்த்தார்கள். விளையாட்டுப் பதிவு மேடும் பள்ளமுமாக விரிந்தது. சிடி பதிவோ மேலும் கீழும் சமமாக வெட்டிய ஒரு கறுப்புப் பட்டையாகக் கிடந்தது. ஆல்பத்துக்கு மாஸ்டரிங் எனும் இறுதி ஒலிச் சீரமைப்பைச் செய்த டெட் ஜென்சன் ஒரு ரசிகருக்கு எழுதிய பதில் வெளியே வந்தது. தன் கைக்கு வரும்போதே ஒலி அப்படி நசுங்கித்தான் இருந்தது, இந்த வேலையோடு தன் பெயர் சேர்ந்திருப்பதில் பெருமை இல்லை என்று அவர் அதில் சொல்லியிருந்தார். உல்ரிக்கோ தமக்கு அந்த ஒலியில் திருப்தியே என்று பொதுவில் சொன்னார்.

அதன் பிறகு ரசிகர்கள் மூன்று விதமாகப் பிரிந்தார்கள். ஒரு சாரார், நம்ம ஆட்கள் திரும்பி வந்துவிட்டார்கள், இதில் குறை காண்பவன் ரசிகனே இல்லை என்றார்கள். இன்னொரு சாரார், 1991லேயே எல்லாம் முடிந்துவிட்டது, இதுவும் பழசைக் காட்டி ஏமாற்றும் வேலை என்றார்கள். மூன்றாவது சாரார்தான் மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள். பாடல்கள் அற்புதம் என்று சொன்ன அதே வாயால் ஒலி பாழ் என்றும் சொன்னார்கள். பலர் விளையாட்டிலிருந்து எடுத்த பதிவுகளைக் கோத்து, தாங்கள் கேட்க விரும்பிய ஆல்பத்தைத் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள். வெறுப்பவன் அந்த உழைப்பைச் செய்யமாட்டான். எல்லாம் சரி என்பவனுக்கு அந்த உழைப்பு தேவையே இல்லை.

முதல் இரண்டு சாராருக்கும் ஒரு வசதி இருக்கிறது. அவர்கள் ஒரு முறை முடிவெடுத்தால் போதும். பிறகு கேட்க வேண்டியதில்லை. தலைவன் எது செய்தாலும் சரி என்பவனுக்கும், இனி எது செய்தாலும் தவறு என்பவனுக்கும் பாடல் ஓடுகிறதா நிற்கிறதா என்பதே ஒரு பொருட்டில்லை. மூன்றாவது ஆள் பாவம், ஒவ்வொரு முறையும் கேட்டாக வேண்டும். இந்த இடத்தில் மனம் துள்ளுகிறது, அடுத்த இடத்தில் காது சுருங்குகிறது. இரண்டையும் அவன் மறைக்காமல் சொல்கிறான். நடுநிலை காட்டுவதற்காக அவன் அப்படிச் சொல்லவில்லை. இரண்டுமே அவனுக்குள் முழு அளவில் நடக்கின்றன.

மெட்டாலிகா ரசிகர்களுக்கு இது புதிதும் இல்லை. பர்ட்டன் இறந்தபின் 1988இல் வந்த ‘...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ ஆல்பத்தில் புதிதாகச் சேர்ந்த நியூஸ்டெட்டின் பாஸ் கிட்டார் ஏறக்குறைய காதில் விழவே விழாது. அந்த ஆல்பத்தை உயிராக நேசிப்பவர்கள்தான் இன்றுவரை அந்தப் பாஸ் எங்கே என்று கேட்கிறார்கள். எண்பதுகளைப் பொற்காலம் என்கிறோமே, அந்தப் பொற்காலத்திலும் குறை இருந்தது. அதை உணர்ந்தும் நேசித்தார்கள். திரும்பி வந்த குழுவிடம் பழைய குறையற்ற மெட்டாலிகாவைக் கேட்கிறோம் என்று யாராவது நினைத்தால், அப்படி ஒரு மெட்டாலிகா ஒருபோதும் இருந்ததில்லை.

குழுவின் பக்கமும் நின்று பார்க்க வேண்டும். நாற்பதைத் தாண்டிய மனிதர்கள், இருபதுகளில் தாங்கள் செய்ததோடு போட்டி போட வேண்டியிருந்தது. ஐந்து வருடம் முன்னால் வந்த ஆல்பம் கேலிக்கு ஆளாகியிருந்தது. நாங்கள் இன்னும் இருக்கிறோம், இன்னும் எங்களிடம் பலம் இருக்கிறது என்று நிரூபித்தாக வேண்டும். அப்படி நிரூபிக்க நினைக்கும் எவருக்கும் கை தானாகச் சத்தத்தைக் கூட்டும் பக்கம்தான் போகும். எந்த நொடியிலும் கேட்பவனின் கவனம் நழுவிவிடக் கூடாது என்ற பதற்றம்தான் அந்த அலைவடிவத்தில் கறுப்புப் பட்டையாக நிற்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் அந்தப் பழைய ஆல்பங்களின் பலம் சத்தத்தில் இல்லை. மென்மையான கிட்டாரில் ஒரு பாடலைத் தொடங்கி, கேட்பவனை நெடுநேரம் காக்க வைக்கும் துணிச்சல் அந்த இளைஞர்களிடம் இருந்தது. தாழ்ந்த இடத்தில் நின்று பேசினாலும் நம்மைக் கேட்பார்கள் என்ற நம்பிக்கை அது. அதனால்தான் அவர்கள் இடி போல இறங்கியபோது இடி போலவே கேட்டது. தாழ்வே இல்லாத இடத்தில் உயரம் என்று எதைச் சொல்வது? எல்லாமே உரக்க ஒலிக்கும்போது உரத்தது என்று எதுவும் மிஞ்சுவதில்லை.

யார் அதிகம் உரக்க ஒலிப்பது என்ற அந்தப் போட்டியும் இன்று அர்த்தமிழந்துவிட்டது. பாடல்களை இணையத்தில் ஒலிபரப்பும் செயலிகள் எல்லாப் பாடல்களையும் ஏறத்தாழ ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிடுகின்றன. உரக்கப் பதிந்த ஆல்பத்தின் ஒலியைத் தாமாகவே குறைத்துவிடுகின்றன. சத்தத்தால் கிடைத்த சாதகம் போய்விட்டது, கரகரப்பு மட்டும் தங்கிவிட்டது. பாடல்களும் தங்கியிருக்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த ஆல்பத்தை நான் இன்றும் கேட்கிறேன், அதே இடங்களில் இன்றும் காது கூசுகிறது.

இதிலிருந்து எனக்குப் புரிந்தது இசையைப் பற்றியது மட்டுமில்லை. எல்லாம் அருமை என்ற ரசிகனும் எல்லாம் பாழ் என்ற ரசிகனும் ஆளுக்கொரு திசையில் நின்றாலும், இருவரும் செய்தது ஒன்றே. தங்கள் உணர்வின் மேடு பள்ளங்களை அமுக்கி ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். எந்தச் செயல் அந்த ஆல்பத்தின் ஒலியைக் கெடுத்ததோ, அதையே அவர்கள் தங்கள் அன்புக்கும் செய்துகொண்டார்கள். மூன்றாவது ரசிகனிடம் மட்டும் உயரம் உயரமாகவும் தாழ்வு தாழ்வாகவும் தங்கியது. அவனுடைய இரு மனம் அன்பில் பாதி குறைந்ததால் வந்தது என்று நினைத்துவிடக் கூடாது. அன்பு நசுங்காமல் இருந்ததால் வந்தது.

நம் வாழ்க்கையிலும் பலர் திரும்பி வருகிறார்கள். பல வருடம் பேசாதிருந்த நண்பர், குடியை விட்டுவிட்டு வீடு திரும்பும் தந்தை, விட்டுப்போன எழுத்தை மறுபடி தொடும் எழுத்தாளர். அவர்கள் முன் நாம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறோம். எல்லாவற்றையும் மறந்து கொண்டாடுகிறோம், இல்லை, எதையும் மறக்காமல் கதவைச் சாத்துகிறோம். இரண்டிலும் வந்தவரை நாம் பார்ப்பதே இல்லை. நம் முடிவைத்தான் பார்க்கிறோம். வந்ததற்கான மகிழ்ச்சியைக் குறைக்காமலும், மாறாததற்கான வருத்தத்தை மறைக்காமலும் எதிரில் உட்கார்வது கடினம்தான். ஆனால் திரும்பி வந்தவருக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. அவர் நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை, கத்திக் கவனம் ஈர்க்க வேண்டியதில்லை, தாழ்ந்த குரலில் பேசினாலும் இவர் கேட்பார் என்ற நம்பிக்கையை அது ஒன்றுதான் தரும். குறையைக் கேட்கத் தெரிந்த காதுதான் நிறைவையும் முழுதாகக் கேட்கும். அந்தக் காதைத் தருவதற்குப் பெயர்தான் நேசிப்பது.