அவிழத் தெரிந்த கயிறு

கட்டு வேண்டுமா, வேண்டாமா? நெடுநாளாக நடக்கும் வழக்கு இது. கட்டுப்பாடே சமுதாயத்தின் உயிர் என்பர் ஒரு சாரார். கட்டவிழ்ந்தால்தான் வாழ்வு என்பர் மற்றொரு சாரார். இந்த வழக்குக்கு நாம் ஒரு சாட்சியை அழைக்கிறோம். ஏட்டிலிருந்து அல்ல, மாணவர் கழுத்திலிருந்து! அடையாள அட்டையைத் தாங்கித் தொங்குகிறதே நாடா, மாணவர் மொழியிலே ‘டேக்’, அதுவே நமது சாட்சி.

அது உருவாகும் கதையைக் கேளுங்கள். 1941ஆம் ஆண்டு இங்கிலாந்திலே வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இருவர் பாலியெஸ்டர் இழையைக் கண்டனர். அந்த இழையைப் பாவாக விரித்து, ஊசி குறுக்கே ஊடையைச் செலுத்த, குறுகிய தறியிலே விரலகல நாடா பிறக்கிறது. பெயர் பொறிக்கும் முறை விந்தையானது. தாளிலே அச்சிட்ட சாயத்தை நாடாமீது வைத்து, ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலே அழுத்துவர். சாயம் உருகி ஓடுவதில்லை. நேரே ஆவியாகி இழைக்குள்ளே புகுந்துவிடுகிறது. பிறகு சூடேறிய கத்தியால் நாடாவைத் துண்டிப்பர். வெட்டிய விளிம்பு உருகி இறுகுவதால் நூல் பிரிவதில்லை. இரு முனைகளையும் சேர்த்துத் தைத்தோ, உலோகத் தகட்டால் நெரித்தோ கொக்கியை மாட்டுவர்.

இத்தனையும் எதற்காக? பிடிப்புக்காக! நிறம் போகாதிருக்க, நூல் பிரியாதிருக்க, அட்டை விழாதிருக்க. ஆனால் நல்ல நாடாவிலே மேலும் ஒன்று உண்டு. பிடரிப் பக்கத்திலே ஒரு சிறு பிளாஸ்டிக் இணைப்பு. நடந்தால் பிரியாது, குனிந்தால் பிரியாது. வெடுக்கென இழுபட்டால் மட்டும் இரண்டாகப் பிரிந்துவிடும். பிடிப்பதற்கென்றே செய்த பொருளிலே, விடுவதற்கென்று ஓரிடம்!

அதன் அருமையை நாம் அஞ்சி நடுங்கி உணர்ந்தோம். நாம் பணியாற்றிய பள்ளி ஒன்றிலே, மணியடித்ததும் ஓடிய சிறுவனின் நாடா சன்னல் கொக்கியிலே சிக்கிற்று. இணைப்பில்லாத நாடா, கழுத்து இறுகிற்று. பெரிய மாணவன் ஒருவன் ஓடிவந்து தூக்கிப் பிடித்ததால் பிழைத்தான். கழுத்திலே சிவந்த கோடு. பிரியும் நாடா ஏன் வாங்கவில்லை என்று கேட்டோம். “பிள்ளைகள் கழற்றிக்கொண்டே இருப்பார்கள், ஒழுங்கு கெடும்” என்றார் பொறுப்பிலிருந்தவர்.

அட்டை கழுத்திலே இருந்தாக வேண்டும். கழுத்து என்ன ஆனால் என்ன! இதுவா ஒழுங்கு?

இதே குரலை நாடு முன்னரும் கேட்டதுண்டு. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் மணமுறிவுக்கு வழி திறந்தபோது, குடும்பமே குலைந்துவிடும் என்று கூக்குரலிட்டனர். குலைந்ததா? அன்பால் இணைந்தோர் இணைந்தே வாழ்கின்றனர். அடியும் உதையும் பட்டு மூச்சுத் திணறியவளுக்கோ ஒரு வாசல் கிடைத்தது.

தொட்டதும் பிரிவது நாடாவாகாது. அதை நாமும் ஒப்புகிறோம். கட்டு இருக்கட்டும். ஆனால் இழுபடும் வேளையிலே அறுபட வேண்டியது எது, கயிறா, கழுத்தா? இதற்கு விடை சொல்லாத கட்டு, எத்தனை பழையதாயினும், எத்தனை புனிதம் பூசப்பட்டதாயினும், சுருக்குக் கயிறே!

தோழர்களே! நம்மைப் பிணைத்துள்ள கட்டுகளைக் கண்மூடி அறுக்கவும் வேண்டாம், கைகூப்பித் தொழவும் வேண்டாம். பிடரியைத் தடவிப் பாருங்கள். பிரியும் இடம் இருக்கிறதா? இல்லையேல், அதை அமைப்பதே நம் பணி.