பிட்டுக்கு மண் சுமக்கப் போகும் பிள்ளைகள்

கடல் கடந்து ஊழியம் செய்ய வருகிறவர்களை மதுரைப் பசுமலை தலைமுறை தலைமுறையாகப் பார்த்திருக்கிறது. அமெரிக்க மதுரை மிஷன் தன் செமினரியைத் திருமங்கலத்திலிருந்து இந்தக் குன்றடிக்குக் கொண்டுவந்தது 1845-இல். 1881-இல் இங்கே தொடங்கிய கல்லூரிதான் பின்னாளில் வைகையைத் தாண்டிக் கோரிப்பாளையம் போய் அமெரிக்கன் கல்லூரியாக நிலைத்தது. 1950-களிலிருந்து அங்கே ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஓஹையோவின் ஓபர்லின் கல்லூரிப் பட்டதாரிகள் வந்துபோனார்கள். வந்தவர்கள் எல்லாம் அவர்கள். இருந்த இடத்திலேயே வரவேற்றவர்கள் நாம்.

இப்போது நம் பிள்ளைகளும் போகத் தொடங்கியிருக்கிறார்கள். மாலை நடையில் எதிர்ப்படும் பெற்றோர் என்னை நிறுத்திக் கேட்கிறார்கள்: "சார், பொண்ணு பிளஸ் ஒன். ஸ்கூல்லயே எக்ஸ்சேஞ்சுன்னு வெளிநாடு கூட்டிட்டுப் போறாங்களாம். அங்க சமூக சேவையும் உண்டாம். அனுப்பலாமா? சர்டிபிகேட்டுக்கு மதிப்பு இருக்குமா?"

அனுப்புங்கள் என்றுதான் சொல்கிறேன். ஆனால் சர்டிபிகேட் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடிவதில்லை.

பள்ளிப் பிள்ளைகளின் சேவையை மணிக்கணக்கில் எண்ணுவது உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் 75 மணி நேரம் சேவை செய்யாமல் பள்ளிப் படிப்பை முடிக்க முடியாது. கனடாவின் ஒன்டாரியோவில் 40 மணி நேரம். நம் ஊரில் 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டமும் மேல்நிலைப் பள்ளி வரை வந்து, பிளஸ் ஒன் பிள்ளைகளை ஏழு நாள் முகாமுக்கு அழைத்துப் போகிறது. எண்ணுவதில் தவறில்லை. பதினாறு வயதில் எதையும் யாராவது பிடித்துத் தள்ளித்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த மணிகளை நிரப்ப எங்கோ ஒரு வேலை தேவைப்படும்போது சிக்கல் ஆரம்பிக்கிறது. வேலை இல்லையென்றால் அதை உண்டாக்கிவிடுகிறார்கள்.

கம்போடியாவில் நடந்தது அதுதான். அநாதை இல்லங்களில் பிள்ளைகளோடு விளையாட, ஆங்கிலம் சொல்லித்தர என்று வெளிநாட்டு இளைஞர்கள் பணம் கட்டி வந்தார்கள். 2005-லிருந்து ஐந்தாண்டுகளில் அந்த இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடியது. அங்கிருந்த பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் மூவருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்தார்கள் என்று யுனிசெப் சொன்னது. கொடுக்க வந்தவர்களின் நல்ல மனசே, வாங்குவதற்குப் பிள்ளைகளைத் தேடிப் பிடிக்க வைத்தது. வந்த இளைஞர்களில் ஒருவருக்குக்கூடக் கெட்ட எண்ணம் இருந்திருக்காது என்பதுதான் இதில் கசப்பு.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நாகமலை அடிவாரத்துக் கிராமம் ஒன்றில் நடந்த பள்ளி முகாமுக்கு நானும் போயிருந்தேன். பரிமாற்றத்தில் வந்திருந்த ஜெர்மன் பிள்ளைகள் சிலரும் நம் பிள்ளைகளோடு இருந்தார்கள். கண்மாய்க்குள் மண்டிக்கிடந்த சீமைக்கருவேலத்தை வெட்டுவது என்று திட்டம். அரிவாள், கையுறை, மோர்ப் பானை எல்லாம் தயார். கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி எழுந்து வந்தார். "வாத்தியாரய்யா, நீங்க பாட்டுக்கு வெட்டிப்போட்டுப் போயிருவீக. நான் அடுப்புக்கு எங்கிட்டுப் போவேன்? வேரு கெடந்தா மறு மழைக்கு மறுபடி தழுத்துரும். அந்தா, மடையில மண்ணு மூடிக் கெடக்கு. அதை யாரும் பாக்கலையே" என்றார்.

பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். திட்டம் போட்ட ஆசிரியர், நல்ல மனிதர், ஒரு நிமிடம் யோசித்துவிட்டு அரிவாள்களைக் கீழே வைக்கச் சொன்னார். பிறகு நாள் முழுக்க மடை தூர்வாரும் வேலைதான். மேஸ்திரி அந்தப் பாட்டியே. மண்வெட்டியை நுனியில் பிடித்துத் திணறிய ஜெர்மன் பெண்ணிடம், "இப்படி இல்லத்தா, இடுப்ப வளை, கைய எறக்கிப் பிடி" என்று பிடித்துக் காட்டினார். அந்தப் பெண்ணுக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. பிடி மட்டும் புரிந்தது. மதியத்துக்குள் அவள் நம் பையன்கள் சிலரைவிட ஒழுங்காக மண் அள்ளினாள்.

அன்றைக்கு அந்த ஊருக்குப் பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை. பழகிய ஆட்கள் நான்கு பேர் அரை நாளில் முடித்துவிடக்கூடிய வேலை. ஆனால் தனக்குத் தெரியாத ஒன்றை, படிக்காத ஒருவரிடம், அவர் சொன்னபடி செய்து கற்றுக்கொள்வது எப்படி என்று அந்தப் பிள்ளைகள் பார்த்தார்கள். நம் பள்ளிக்கூடங்களில் அதற்குப் பாடவேளை கிடையாது.

இலங்கையில் ஏ. டி. ஆரியரத்ன 1958-இல் செய்ததும் ஏறக்குறைய இதுவே. கொழும்பு நாலந்தாக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த அவர், தன் மாணவர்களைக் குருநாகல் மாவட்டத்துக் கனத்தொலுவ கிராமத்துக்கு அழைத்துப் போனார். சாதியின் பேரால் தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கிவைக்கப்பட்ட ரொடி மக்களின் ஊர் அது. வசதியான வீட்டுப் பையன்கள் அங்கே தங்கி, அந்த மக்களோடு சேர்ந்து உழைத்தார்கள். அந்த முகாமிலிருந்துதான் சர்வோதய சிரமதான இயக்கம் முளைத்து நாடு முழுக்கப் பரவியது. அந்தக் கிராமம், நகரத்துப் பிள்ளைகள் பாஸ்போர்ட் இல்லாமல் போய்வந்த வேறு நாடு.

பாஸ்போர்ட்டோடு போவதற்கும் இப்படியொரு கதை உண்டு. முதல் உலகப் போரில் காயம்பட்டவர்களைச் சுமந்த அமெரிக்க ஆம்புலன்ஸ் ஓட்டிகளின் அமைப்பு ஏ.எஃப்.எஸ். இரண்டாவது போரும் முடிந்தபின், 1947-இல், அவர்கள் பள்ளி மாணவர்களை நாடு விட்டு நாடு அனுப்பத் தொடங்கினார்கள். இரண்டு போர்களின் பிணங்களைப் பார்த்தவர்கள் அதற்குக் கண்ட மருந்து, ஒரு பிள்ளை அந்நியர் வீட்டில் தங்கி, அவர்கள் போட்டதைச் சாப்பிட்டு, அவர்கள் பிள்ளைகளோடு பள்ளிக்கூடம் போவது. கொடுக்கப் போவதைவிட, வாங்கிக்கொள்ளத் தெரிந்திருப்பதுதான் அதில் கடினம்.

மதுரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிட்டுக்கு மண் சுமந்த கதையை ஆவணி மூலத்தில் புட்டுத்தோப்பில் ஆண்டுதோறும் நடத்திப் பார்க்கிறோமே! வைகை உடைப்பை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் என்று பாண்டியன் உத்தரவு. அனுப்ப ஆளில்லாத, பிட்டு விற்கும் கிழவி வந்திக்காகக் கூலியாளாய் வந்தார் சொக்கநாதர். வேலைக்காரர் என்று பார்த்தால் அவரைப்போல மோசமான ஆள் கிடையாது: உதிர்ந்த பிட்டை வாங்கித் தின்றார், ஆடினார், பாடினார், தூங்கினார், பிரம்படி பட்டார். பதின்வயதுத் தொண்டர்களை முகாமுக்கு அழைத்துப் போன எந்த ஆசிரியருக்கும் இந்த ஆளை நன்றாகத் தெரியும். ஆனால் அந்தக் கதையில் வந்தி யார்? தொண்டு பெற்றவள் என்கிறோம். அவள்தான் முதலில் கொடுத்தவள். முன்பின் தெரியாதவனுக்குச் சோறு போட்டவள் அவள்.

வெளிநாட்டுப் பரிமாற்றம் வசதி உள்ளவர்களுக்குத்தான் என்று பேசும்போது, வரவேற்கும் இந்தப் பாதியை மறந்துவிடுகிறோம். விமானச் சீட்டுக்கு லட்சம் வேண்டும், உண்மைதான். அரசுப் பள்ளியில் போட்டிகளில் வென்ற பிள்ளைகளை அரசே வெளிநாட்டுக் கல்விச் சுற்றுலா அனுப்புகிறது என்றாலும் அது சிலருக்கே வாய்க்கும். ஆனால் வருகிற பிள்ளையை வரவேற்க ஒரு பாயும் ஒரு தட்டும் போதும். திருப்பரங்குன்றத்திலோ விளாச்சேரியிலோ இருக்கும் ஒரு பத்தாம் வகுப்புப் பெண், தன் வயதுள்ள வெளிநாட்டுப் பெண்ணுக்கு ரேஷன் கடை வரிசையையும் தண்ணீர் லாரி நேரத்தையும் சொல்லிக்கொடுத்தால் அதுவும் தொண்டுதான். அதற்கும் மணிக்கணக்கு எழுதலாம், சர்டிபிகேட் கொடுக்கலாம். பரிமாற்றம் நடத்தும் பள்ளிகள், பக்கத்து அரசுப் பள்ளியையும் இதில் சேர்த்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

ஆகவே கேட்கிற பெற்றோருக்கு நான் சொல்வது இவ்வளவுதான். அங்கே என்ன வேலை, அதைக் கேட்டது யார் என்று பள்ளியிடம் விசாரியுங்கள். உள்ளூர்க்காரர் யாரும் கேட்காத வேலை என்றால் சுற்றுலா என்று பெயர் சொல்லியே அனுப்புங்கள், அதிலும் குற்றமில்லை. அநாதை இல்லம் என்றால் வேண்டாம். போகுமுன் ஒரு முகாமுக்காவது இங்கே அனுப்பி, யாரோ ஒரு பாட்டியிடம் திட்டு வாங்க வையுங்கள். போய்வந்த பிறகு, அங்கிருந்து ஒரு பிள்ளை இங்கே வர உங்கள் வீட்டுக் கதவைத் திறந்து வையுங்கள். இதற்குத் தயார் என்றால், சர்டிபிகேட்டுக்கு மதிப்பு இருக்குமா என்ற கேள்வி தானாகவே விழுந்துவிடும்.