காணாமையும் இன்மையும்

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மேட்டூருக்கு வரும் காவிரி செந்நிறமாகக் கலங்கிப் பெருகுவதைக் காண்பவர், குடகு மலையில் பெய்த மழையைக் கண்ணால் காணாமலே அறிகிறார். விளைவைக் கொண்டு காரணத்தை உணரும் இந்த அனுமானத்தை மணிமேகலை ‘எச்சம்’ என வகுத்து, வெள்ளத்தையும் மழையையுமே அதற்கு எடுத்துக்காட்டாகத் தருகிறது.

முழங்கை மூட்டிலும் இத்தகைய வெள்ளம் உண்டு. மேற்கை எலும்பின் கீழ்முனைக்குப் பின்புறமுள்ள பள்ளத்தில், மூட்டு உறைக்குள், சிறு கொழுப்புத் திண்டு ஒன்று ஒடுங்கியிருக்கிறது. கையைச் செங்கோணமாக மடக்கிப் பக்கவாட்டில் எடுத்த எக்ஸ்ரே படத்தில் அது இயல்பாகத் தெரிவதில்லை. எலும்பின் விரிசலிலிருந்து கசியும் இரத்தம் மூட்டுக்குள் நிறைந்தால், திண்டு பள்ளத்தைவிட்டு உந்தப்பட்டு, எலும்பின் பின்னே கருநிழலாகத் தோன்றுகிறது. 1954இல் நோரெல் என்ற மருத்துவர் விவரித்த இந்த அறிகுறி, முறிவுக் கோடு எதுவும் தென்படாத படத்திலும் முறிவைச் சுட்டக்கூடியது.

இங்குதான், அறிவு பெறும் வழிகளை ஆராயும் பழைய அளவை நூல்களின் வினா உயிர்பெறுகிறது: காணப்படாதது இல்லாததாகுமா? அனுபலப்தி, அதாவது காணாமையைக் கொண்டு இன்மையை அறிதல், ஓர் அளவையே என்ற பாட்ட மீமாம்சகர் எனும் தத்துவ மரபினர், பொருள் இருந்திருந்தால் கண்டிப்பாகக் காணப்பட்டிருக்கும் என்ற இடத்தில் மட்டுமே அது செல்லும் என்று வரம்பு கட்டினர். வெளிச்சமுள்ள தரையில் குடம் காணப்படவில்லையென்றால் குடம் இல்லை. இருட்டறையில் அவ்வாறு சொல்ல இயலாது. மயிரிழை விரிசலுக்கு எக்ஸ்ரே பெரும்பாலும் இருட்டறைதான். ஆதலால் ‘படத்தில் ஒன்றுமில்லை’ என்பதை ‘எலும்பில் ஒன்றுமில்லை’ என்று கொள்வது அளவைப் பிழை.

எனினும் நிழலும் முறிவும் புகையும் நெருப்பும்போல் பிரியாதவை அல்ல. மூட்டழற்சியால் நீர் கோத்தாலும் திண்டு நகரும். அடிபட்டபின் என்ற நிபந்தனை சேர்ந்தால்தான் அனுமானம் வலுப்பெறும். 1999இல் ஸ்காக்ஸ், மிர்சாயன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், இந்நிழல் தெரிந்தும் முறிவு புலப்படாத 45 குழந்தைகளில் 34 பேருக்குப் பின்னர் முறிவுக்கான சான்று கிடைத்தது. பதினொருவருக்குக் கிடைக்கவில்லை என்பதையும் மறைக்கலாகாது.

ஓமலூரிலோ இராசிபுரத்திலோ மரத்திலிருந்து விழுந்த குழந்தைக்குச் சுளுக்கு என்றெண்ணி எண்ணெய் தடவி உருவிவிடுவது அன்பால் செய்யப்படுவதே. ஆனால் உள்ளே முறிந்த முழங்கையை உருவினால், சுற்றியுள்ள தசையில் எலும்பு படிந்து மூட்டு இறுகிவிடக்கூடும். முறிவில்லாத கையைச் சில வாரம் கட்டிவைப்பதன் இழப்போ மிகச் சிறிது. ஆகவே ஐயமிருக்கையில் அனுமானத்தை நம்பிக் கட்டுப்போடுவதே அறம். ஏறத்தாழ மூன்றாம் வாரம் எடுக்கும் படத்தில், முறிந்த எலும்பின் விளிம்பில் புதிதாய் வளர்ந்த எலும்பு மெல்லிய வெண்கோடாகத் தெரியும். அதுவரை கருதலாக இருந்தது அன்று காட்சியாகிறது.